வளைவு பொருந்தினால் தகைவும் பொருந்துமா?

உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக எழுப்பிய பாகம் மெஷினிலிருந்து வெளியே வரும்போது பார்க்க நேராகத்தான் இருக்கும். தடித்த அடித்தட்டோடு சேர்ந்து உருகி ஒட்டியிருப்பதால் அது வளைய வழியில்லை. ஒயர் கட் மெஷினில் வைத்துத் தட்டிலிருந்து அறுக்க ஆரம்பித்த பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே தெரியும். அறுபட்ட முனை கண்ணெதிரே மேலே தூக்கிக்கொள்ளும். சில பாகங்கள் அதுவரைகூடப் பொறுப்பதில்லை. அச்சாகிக்கொண்டிருக்கும்போதே ஓரம் சுருண்டு எழுந்து, அடுத்த அடுக்குத் தூளைப் பரப்ப வரும் ரீகோட்டர் பிளேடில் இடித்து, வேலையையே நிறுத்திவிடும். தாங்கிப் பிடிக்க அடியில் சேர்த்து அச்சிட்ட சப்போர்ட்டைப் பிய்த்துக்கொண்டு எழும் பாகங்களும் உண்டு.

இந்த வளைவையும் இதற்குக் காரணமான தகைவையும், அதாவது உலோகத்துக்குள் பூட்டிக்கிடக்கும் இழுப்பையும் அமுக்கத்தையும், அச்சிடும் முன்பே கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். எனக்கு மிகவும் பிடித்த தொழில். ஆனால் இதில் ஒரு பழக்கம் வேரூன்றி வருவதைப் பார்க்கிறேன். கணித்த வளைவும் அளந்த வளைவும் ஒத்துப்போனதுமே "மாடல் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அதே மாடல் காட்டும் தகைவுப் படத்தை எடுத்து, பாகம் எத்தனை சுமைச் சுழற்சி தாங்கும், எங்கே விரிசல் விடும் என்று முடிவு செய்கிறார்கள். வளைவு சரியாக வந்ததால் தகைவும் சரி என்று ஆகிவிடாது. இது ஏதோ நுணுக்கமான சந்தேகம் அல்ல. கையால் போடக்கூடிய ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். அந்தக் கணக்குக்குப் போகும் முன், வெப்பம் எப்படித் தகைவாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

லேசர் படும் இடத்தில் உலோகம் உருகி ஒரு சின்னக் குட்டை உண்டாகிறது. அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதைவிடச் சற்று அதிகம். லேசர் ஏறத்தாழ வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்வதால், ஒரு புள்ளியின் மேல் அது இருக்கும் நேரம் 100 மைக்ரோவினாடி அளவுதான். அதற்குள் அந்தப் புள்ளி உருகி, சில இடங்களில் கொதித்து ஆவியாகவும் ஆகிவிடுகிறது. லேசர் கடந்ததும் குட்டை உடனே உறைகிறது. எவ்வளவு வேகமாக உறைகிறது என்பதை அறிய சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. 1941-ல் டேனியல் ரோசென்தால் வெல்டிங்குக்காக எழுதிய சமன்பாடே போதும். உலோகத்தின் மேல் ஒரு வெப்பப் புள்ளி நேர்கோட்டில் சீராக நகர்கிறது என்று அவர் வைத்துக்கொண்டார். அப்படி வைத்தால் லேசர் வந்த பாதையில், அதற்குப் பின்னால் உள்ள ஒரு புள்ளியின் வெப்பநிலை உயர்வு மிக எளிய வடிவில் வந்துவிடும்: உலோகம் உள்வாங்கிய திறனை, 6.28 × வெப்பக் கடத்துத்திறன் × லேசரிலிருந்து தூரம் என்பதால் வகுத்தால் போதும்.

316எல் துருப்பிடிக்காத எஃகை எடுத்துக்கொள்வோம். லேசர் 200 வாட். அதில் 40 சதவீதம், அதாவது 80 வாட், உலோகத்துக்குள் போகிறது. சூடான நிலையில் கடத்துத்திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 25 வாட். உருகுநிலை சுமார் 1400 டிகிரி செல்சியஸ், அறை வெப்பநிலை 20 என்றால் வித்தியாசம் 1380. வகுத்துப் பார்த்தால் குட்டையின் வால் சுமார் 0.37 மில்லிமீட்டர் நீளம் வருகிறது. இதில் லேசரின் வேகம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வேகத்தைக் கூட்டினால் குட்டை ஒல்லியாகும், ஆழம் குறையும், ஆனால் வால் அதே நீளத்தில் இருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. இன்றும் புதிதாகச் சேர்கிறவர்களை இதைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். வேகம் உள்ளே வருவது ஆறும் வீதத்தில். வினாடிக்கு 0.8 மீட்டர் என்றால், உருகுநிலையைக் கடக்கும் கணத்தில் உலோகம் வினாடிக்குச் சுமார் 30 லட்சம் டிகிரி வீதத்தில் ஆறுகிறது. இந்த வீதம் வெப்பநிலை வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அடித்தட்டை 200 டிகிரிக்கு முன்சூடாக்கினாலே ஆறும் வீதம் கால் பங்கு குறைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் தாளில் போட்ட கணக்கு இவ்வளவு சொல்கிறது.

ஆனால் ரோசென்தாலின் வெப்பமூலம் அளவே இல்லாத ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் வெப்பநிலை முடிவிலியாகிவிடும். உருகும்போது விழுங்கப்படும் உள்ளுறை வெப்பம் அவர் கணக்கில் இல்லை. வெப்பநிலையோடு கடத்துத்திறன் மாறுவதும் இல்லை. 1983-ல் ஈகரும் சாயும் புள்ளிக்குப் பதிலாக, நடுவில் செறிந்து ஓரத்தில் மங்கும் வெப்பப் பரவலை வைத்தார்கள். 1984-ல் ஜான் கோல்டாக்கும் அவரது சகாக்களும் முன்பக்கம் நீளம் குறைந்ததாகவும் பின்பக்கம் நீண்டதாகவும் இருக்கும் இரட்டை நீள்வட்டக் கனவடிவில் வெப்பத்தை உலோகத்துக்குள்ளேயே பரப்பினார்கள். வெல்டிங் ஆட்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட கருவி. உலோக அச்சுக்கான ஃபைனைட் எலிமென்ட் கணக்குகளில், அதாவது பாகத்தைச் சின்னச் சின்ன எலிமென்ட்களாகப் பிரித்துப் போடும் கணக்குகளில், இன்றைக்கும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

இவை எல்லாவற்றிலும் ஒரு எண்ணை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்: லேசரின் திறனில் எத்தனை பங்கு உலோகத்துக்குள் போகிறது? மேலே 40 சதவீதம் என்று போகிறபோக்கில் எழுதினேன். அதை 60 ஆக்கினால் வால் 0.37-லிருந்து 0.55 மில்லிமீட்டராக நீள்கிறது. இந்த எண் ஒரு மாறிலியே அல்ல என்பதுதான் பெரிய சிக்கல். குட்டை தட்டையாக இருந்தால் லேசர் ஒளியில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். திறனைக் கூட்டினால் உலோகம் ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தம் குட்டையின் நடுவில் ஒரு குழியைத் தோண்டும். கீஹோல் என்பது அதுதான். உள்ளே போன ஒளி சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்து, ஒவ்வொரு தெறிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப்படும். அதே உலோகம், அதே லேசர், ஆனால் உள்வாங்கும் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் செறிவான எக்ஸ்ரேயைக் கொண்டு இந்தக் குழி பிறப்பதை அதிவேகப் படமாக எடுத்து 2019-ல் வெளியிட்டார்கள். டைட்டானியம் கலவைக்குள் அந்தக் குழி இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு, "உறிஞ்சும் திறன் = 0.4" என்று ஒரே எண்ணைத் தட்டச்சு செய்ய மனம் வரவே வராது. ஆனாலும் செய்கிறோம். முழுப் பாகத்துக்கான கணக்கில் வேறு வழியில்லை.

சரி, தகைவுக்கு வருவோம்.

சுடும்போது அந்த இடம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடாது. சூட்டில் வலிமை இழந்த இடம் அமுங்கி, நிரந்தரமாகச் சுருங்கிவிடும். அப்புறம் அது ஆறும்போது இன்னும் சுருங்கப் பார்க்கும். இப்போதும் சுற்றம் விடாது, ஆனால் இம்முறை அது இழுபடுகிறது. மேலே இழுவிசை, அதைச் சமன்செய்யக் கீழே அமுக்கம். இப்படி ஒவ்வொரு தடமும், ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கைச் சேர்க்கிறது. லூவன் பல்கலைக்கழகத்தின் மெர்செலிஸ், க்ரூத் இருவரும் 2006-ல் இதைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் முதலில் படிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

எண்களைப் போட்டால் விஷயம் இன்னும் உறைக்கும். 316எல் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 16 மைக்ரோமீட்டர் விரியும். 1380 டிகிரி ஆறினால் மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கும் மேல் சுருங்க வேண்டும். திரிபு, அதாவது நீளம் மாறும் விகிதம், 2.2 சதவீதம். ஆனால் அச்சிட்ட 316எல் சுமார் 480 மெகாபாஸ்கலில் யீல்டு ஆகிவிடும், அதாவது பழைய வடிவத்துக்குத் திரும்பாதபடி உருமாறத் தொடங்கிவிடும். அதன் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 193 கிகாபாஸ்கல் என்பதால் அந்த வரம்புக்குள் அது மீள்தன்மையோடு தாங்கும் திரிபு கால் சதவீதம்தான். வேறு மாதிரி சொன்னால், முழுக்கக் கட்டிப்போட்ட நிலையில் 150 டிகிரி ஆறினாலே உலோகம் யீல்டு எல்லையைத் தொட்டுவிடும். மீதி 1200 டிகிரிச் சுருக்கம் முழுவதும் நிரந்தரத் திரிபாக மாறியாக வேண்டும். அதனால்தான் அச்சிட்ட பாகங்களில் எஞ்சிய தகைவு யீல்டு வலிமையை ஒட்டியே இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். 200 டிகிரி முன்சூடு வளைவை முழுதாகத் தீர்க்காததற்கும் காரணம் இதுவே. எலக்ட்ரான் கற்றை மெஷின்களில் தூள் படுக்கையையே 600, 700 டிகிரிக்குச் சூடாக்கிவிடுகிறார்கள். அங்கே கதையே வேறு, தகைவு மிகக் குறைவு.

இயற்பியல் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அப்படியே கணினியில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை எடுத்துப் பாருங்கள். அடுக்கு 40 மைக்ரோமீட்டர் என்றால் 250 அடுக்குகள். தடங்களுக்கு இடையே 0.1 மில்லிமீட்டர் என்றால் அடுக்குக்கு 100 தடம், ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர். ஆக அடுக்குக்கு 1 மீட்டர், மொத்தம் 250 மீட்டர் லேசர் ஓட்டம். வினாடிக்கு 1 மீட்டர் என்றால் 250 வினாடி. ஒரு நேரப்படியில் லேசர் 10 மைக்ரோமீட்டருக்கு மேல் நகரக்கூடாது என்று வைத்தால் இரண்டரைக் கோடி நேரப்படிகள். எலிமென்ட்களின் வலையான மெஷ்ஷை 20 மைக்ரோமீட்டரில் போட்டால் பன்னிரண்டரைக் கோடி எலிமென்ட்கள். ஒவ்வொரு நேரப்படியிலும் வெப்பச் சமன்பாட்டையும், பிறகு நேர்கோட்டுக்குள் அடங்காத தகைவுச் சமன்பாட்டையும் தீர்க்க வேண்டும். இத்தனையும் விரல் நுனி அளவுக் கட்டிக்கு. நிஜப் பாகம் இதைப்போல் நூறு மடங்கு இருக்கும். அதனால் முழுப் பாகத்தைக் கணக்கிடும் மாடல் எதுவாக இருந்தாலும் எதையோ கைவிட்டுத்தான் ஆக வேண்டும். எதைக் கைவிட்டது என்பதே அந்த மாடலின் உண்மையான விவரக்குறிப்பு. மென்பொருளின் கையேட்டில் நான் முதலில் தேடுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.

சிலர் மெஷ்ஷைக் குட்டைக்கு அருகே மட்டும் நுணுக்கமாக்கி, தள்ளிப் போகப் போகப் பெரிதாக்குகிறார்கள். நல்ல வழி, ஆனால் நேரப்படிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. இன்னும் சிலர் 10, 20 நிஜ அடுக்குகளை ஒன்றாகக் கட்டி ஒரே தடித்த அடுக்காக்கி, அது முழுவதையும் ஒரே நேரத்தில் சூடாக்குகிறார்கள். லேசர் எந்தத் திசையில் ஓடியது என்ற தகவல் அங்கேயே போய்விடும். அடுக்குக்கு அடுக்கு 67 டிகிரி திருப்பியதும், சதுரங்கக் கட்டம்போல் பிரித்து ஓட்டியதும் அந்த மாடலுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மாடலிடம் போய் ஸ்கேன் பாதையை எப்படி மாற்றலாம் என்று யோசனை கேட்பது வீண்.

இன்று மிகப் பரவலாக இருப்பது உள்ளார்ந்த திரிபு முறை. 1970-களில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் யுகியோ உயெடா வெல்டிங்குக்காக வளர்த்தெடுத்தது. யோசனை அழகானது: வெப்பக் கதை முழுவதையும் தூக்கி வைத்துவிட்டு, அதன் முடிவில் ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு நிரந்தரத் திரிபு தங்குகிறதோ அதை மட்டும் நேரடியாகக் கொடுத்துவிடு. பிறகு எஞ்சுவது எளிய, மீள்தன்மைக் கணக்கு. பல நாள் ஓடும் கணக்கு சில மணிநேரத்தில் முடிந்துவிடும். அந்தத் திரிபின் அளவை எங்கிருந்து எடுப்பது? ஒரு சின்னச் சோதனைப் பாகத்தை அச்சிட்டு, அறுத்து, எழும்பிய உயரத்தை அளந்து, மாடலின் வளைவு அதோடு ஒத்துப்போகும்வரை எண்ணைத் திருத்துவார்கள். மாடலின் வளைவு நிஜ வளைவோடு பொருந்துவது இங்கே ஒரு வெற்றியே அல்ல, அப்படிப் பொருந்தும்படிதான் அதை அமைத்தோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. நானும் அதை நிறையப் பயன்படுத்துகிறேன். எந்தப் பக்கம் சுருளும், சப்போர்ட் எங்கே பிய்யும், பிளேடு இடிக்குமா என்பதற்கு அது அருமையான கருவி. வடிவத்தை எதிர்த்திசையில் முன்கூட்டியே வளைத்து அச்சிட்டு, அறுத்ததும் நேராக வரச்செய்யும் வேலைக்கும் அதுவே போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லா அடுக்குக்கும் ஒரே வெப்பக் கதை என்று அது நம்புகிறது. அது எவ்வளவு தவறாகப் போகலாம் என்று பார்க்க இரண்டு பாகங்களை எடுங்கள். ஒன்று 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டி, மற்றது 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தூண், இரண்டும் 10 சென்டிமீட்டர் உயரம். இரண்டையும் தனித்தனியாக, ஒரே அளவுருக்களோடு அச்சிடுகிறோம். கட்டியில் ஓர் அடுக்கை உருக்க 100 வினாடி, தூணில் 4 வினாடி. புதுத் தூள் பரப்ப 10 வினாடி சேர்த்தால் 110-க்கு 14. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்கில் உள்ளே போகும் வெப்பம் இரண்டிலும் சமம்; நமது 80 வாட் கணக்கில் 80 ஜூல். ஆனால் தூணில் அது 14 வினாடிக்கு ஒருமுறை வருகிறது. சுற்றியுள்ள தூள் திட உலோகத்தின் நூறில் ஒரு பங்கு அளவுதான் வெப்பத்தைக் கடத்தும், அதனால் எல்லாம் கீழ்நோக்கியே வடிய வேண்டும். இந்தக் குறைந்த சூட்டில் கடத்துத்திறன் 20 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கட்டியின் உச்சி அடித்தட்டைவிட 36 டிகிரி கூடுதலாக இருக்கும். தூணின் உச்சி ஏறக்குறைய 280 டிகிரி. தூணின் மேற்பகுதி யாரும் கேட்காமலேயே முன்சூடு பெற்றுவிட்டது. அங்கே குட்டை பெரிதாகிறது, ஆறும் வீதம் குறைகிறது, தகைவும் குறைகிறது. கட்டியில் அளந்து எடுத்த திரிபைத் தூணின் உச்சிக்குக் கொடுத்தால், அந்த மாடல் வேறு ஏதோ பாகத்தைக் கணக்கிடுகிறது என்றுதான் அர்த்தம்.

உலோகமும் தன் பங்குக்குக் கதையை மாற்றும். டைட்டானியம் 6-4 கலவையைப் பற்றி 2010-களின் நடுவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பான் மிக்கேலரிஸ் குழு செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். எலக்ட்ரான் கற்றையால் கம்பியை உருக்கி எழுப்பிய பாகத்தில், வழக்கமான கணக்கு அளந்ததைவிட மிக அதிகமான வளைவையும் தகைவையும் காட்டியது. வெப்பநிலை 690 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதெல்லாம் சேர்ந்திருந்த தகைவை மாடலில் அழித்துவிட்டால் எல்லாம் இடத்தில் வந்து விழுந்தது. சூட்டிலேயே நீண்ட நேரம் இருக்கும் டைட்டானியம் தானாகவே தளர்ந்துகொள்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கும் வழி அது. மரேஜிங் எஃகில் நடப்பது வேறு. அது ஆறி வரும்போது குறைந்த வெப்பநிலையில் மார்ட்டென்சைட் என்ற வேறு படிக அமைப்பாக மாறி, மாறும்போது கொஞ்சம் விரிகிறது. அந்த விரிவு, அதுவரை சேர்ந்த இழுவிசையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. வெறும் விரிவுக் குணகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது கண்ணிலேயே படாது. ஒரு கலவைக்குப் பழகிய கையை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது.

இப்போது நான் சொன்ன அந்தக் கையால் போடும் கணக்கு.

10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டை. அடித்தட்டோடு ஒட்டியிருக்கும்போது அதில் தகைவு எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கு இரண்டு வாய்ப்புகள் இருப்பதாக வைப்போம். முதலாவது, மேற்பரப்பில் 100 மெகாபாஸ்கல் இழுவிசையில் தொடங்கி, நேர்கோடாகக் குறைந்து, அடிப்பரப்பில் 100 மெகாபாஸ்கல் அமுக்கம். இரண்டாவது, மேலே 1 மில்லிமீட்டர் தோலில் மட்டும் பலமான இழுவிசை, மீதி 9 மில்லிமீட்டரில் அதைச் சமன்செய்யும் லேசான அமுக்கம். அறுத்தெடுத்ததும் பட்டை எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பது தகைவின் திருப்புத்திறன் மட்டுமே, அதாவது ஒவ்வொரு இடத்தின் தகைவையும் நடுக்கோட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டிய ஒரே ஓர் எண். முதல் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு அது 1667 நியூட்டன் மில்லிமீட்டர். இரண்டாவது பட்டையிலும் அதே எண் வர, தோலில் 333 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும், மீதியில் 37.

ஆக இரண்டும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒரே மாதிரி வளையும். ஆனால் மேற்பரப்பில் ஒன்றில் 100, மற்றதில் 333. இதைவிடப் பெரிய விஷயம் அறுத்த பிறகு நடக்கிறது. முதல் பட்டை வளைந்து தன் தகைவு முழுவதையும் விட்டுவிடும். உள்ளே எதுவும் மிஞ்சாது. இரண்டாவது பட்டை அதே அளவு வளைந்த பிறகும் அதன் தோலில் சுமார் 235 மெகாபாஸ்கல் இழுவிசை அப்படியே இருக்கும். விரிசல் பிறப்பது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். ஒரு பட்டையில் அங்கே இழுவிசையே இல்லை. இன்னொன்றில் வெளிச்சுமை எதுவும் வருவதற்கு முன்பே இழுத்துக்கொண்டிருக்கிறது. வளைவை மட்டும் அளந்த ஒருவரால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. வளைவை வைத்து எண்ணைத் திருத்திய மாடலாலும் முடியாது.

அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2018-ல் தொடங்கிய ஏஎம்-பெஞ்ச் போட்டியை நான் இவ்வளவு மதிக்கிறேன். இன்கோனல் 625 என்ற நிக்கல் கலவையிலும் 15-5 எஃகிலும், பல கால்கள் கொண்ட பாலம்போன்ற பாகங்களை அச்சிட்டார்கள். நீளம் 75 மில்லிமீட்டர், கால்களின் தடிமன் வெவ்வேறு. கால்களை அறுத்த பிறகு எவ்வளவு எழும்பியது என்பதை மட்டும் அளந்து நிறுத்திவிடவில்லை. அறுக்கும் முன்பே நியூட்ரான், சின்க்ரோட்ரான் எக்ஸ்ரே இரண்டாலும் உள்ளே படிக அணிக்கோவையில் இருந்த திரிபை இடம் இடமாக அளந்தார்கள். குட்டையின் அளவு, ஆறும் வீதம் ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சோதனைகள். விடைகளை வெளியிடாமல், மாடல் போடுகிறவர்கள் முதலில் தங்கள் கணிப்பை அனுப்ப வேண்டும் என்பது விதி. விடை தெரியாத நிலையில் கணிப்பு அனுப்புவதும், விடை தெரிந்த பிறகு பொருத்திக் காட்டுவதும் முற்றிலும் வேறு வேலைகள். இந்தத் துறையில் இரண்டாவதுக்குப் பெயரும் இடமும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. முதலாவதைத் துணிந்து செய்கிறவர்களுக்கு இன்னும் அதிக மரியாதை கிடைக்க வேண்டும்.

அளப்பதும் சுலபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூட்ரான் அணுக்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் அளக்கிறது. தகைவே இல்லாத நிலையில் அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் திரிபைச் சொல்ல முடியும். அச்சிட்ட உலோகத்தில் வேகமாக உறைந்ததால் கலவைத் தனிமங்கள் இடத்துக்கு இடம் கூடிக் குறைந்திருக்கும். அதனாலேயே அந்த அடிப்படைத் தூரமும் லேசாக மாறும். அதே பாகத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை அறுத்தெடுத்து, தகைவு விடுபட்ட நிலையில் தனியாக அளக்க வேண்டியிருக்கும். இந்த வசதியெல்லாம் உலகில் சில இடங்களில்தான் உண்டு. மற்றவர்களுக்கு, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் மைக்கேல் பிரைம் 2001-ல் முன்வைத்த கான்டூர் முறை பெரிய வரம். பாகத்தை ஒயர் கட்டில் நேராக இரண்டாக அறுக்க வேண்டும். தகைவு விடுபட்டதால் வெட்டுமுகம் சில பத்து மைக்ரோமீட்டர் மேடு பள்ளமாகும். அந்த மேடு பள்ளத்தை அளந்து, அதை மறுபடி தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கணினியில் கணக்கிட்டால், அறுக்கும் முன் அந்த முகத்துக்குச் செங்குத்தாக இருந்த தகைவு முழுப் படமாகக் கிடைத்துவிடும். பாகம் போய்விடும், உண்மைதான். ஆனால் நம் இரண்டு பட்டைகளையும் இது ஒரே வெட்டில் பிரித்துக் காட்டிவிடும்.

என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வடிவம் மட்டும் முக்கியம் என்றால் உள்ளார்ந்த திரிபு முறையை எடுங்கள், சோதனைப் பாகத்தை உங்கள் நிஜப் பாகத்தின் தடிமனுக்கு நெருக்கமாக வையுங்கள், நிம்மதியாக இருங்கள். தகைவின் மதிப்பை வைத்து ஆயுளைச் சொல்லப் போகிறீர்கள் என்றால், வெப்பக் கணக்கை விட்டுவிட்டுப் போக வழியில்லை. குறைந்தபட்சம் அடுக்குகளுக்கு இடையே பாகம் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதாவது மாடலில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க அடித்தட்டின் கீழே இரண்டு மூன்று தெர்மோகப்பிள் ஒட்டினாலே போதும். அச்சிடும் நேரம் முழுவதும் வெப்பநிலை ஏறி இறங்குவது பதிவாகும், செலவும் பெரிதில்லை. அந்தக் கோட்டோடு மாடலின் கோடு ஒத்துவரவில்லை என்றால், தகைவுக் கணக்கை ஓட்டும் முன்பே உறிஞ்சும் திறனும் தூளின் கடத்துத்திறனும் என்ன மதிப்பில் இருக்கின்றன என்று பார்க்கலாம். ஒத்துவந்தால் வளைவுக்குப் போங்கள். வளைவு வந்ததும் அங்கேயே நிற்காமல் ஒரு பாகத்தைக் கான்டூர் முறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பாகத்தை வீணாக்கி அறுப்பதற்கு மேலாளர்கள் தயங்குவார்கள். நாள்கணக்கில் ஓடி அச்சான விலையுயர்ந்த பொருள் அது. அப்போது அந்த இரண்டு பட்டைகளின் கணக்கை வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். 1667-ம் 333-ம் பத்து நிமிட வேலை. பெரும்பாலும் அதற்குப் பிறகு எந்த இடத்தில் வெட்டலாம் என்ற பேச்சுதான் நடக்கும்.